ஏர்சாஃப்ட் இயந்திரத் துப்பாக்கியின் ஹாப்-அப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து ஒரே பொருளைப் பற்றி வந்திருப்பதால், பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: ஏர்சாஃப்ட் என்பது ஏறத்தாழ 6 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் விளையாட்டுத் துப்பாக்கி. குண்டு குழலுக்குள் நுழையும் வாயில், பக்கிங் என்று அழைக்கப்படும் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அதன் மேற்பகுதியில் உள்ள சிறு மேட்டை, நப் என்னும் ஒரு துண்டு வெளியிலிருந்து அழுத்துகிறது. இந்த மேட்டில் உரசிச் செல்லும் குண்டு பின்சுழற்சி பெற்று, நெடுந்தொலைவு கீழே விழாமல் செல்கிறது. இந்த ஏற்பாடு முழுவதற்கும் ஹாப்-அப் என்று பெயர்.

கேள்வி: ஐயா, ஓசூர் தளி சாலையில் சுற்றுச்சுவருக்குள் இயங்கும் ஒரு விளையாட்டுத் திடலில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. எங்களிடம் எம்249 என்னும் ராணுவ இயந்திரத் துப்பாக்கியின் மாதிரியில், பேட்டரியில் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. முதல் சில குண்டுகள் நேராகப் போகின்றன. விசையை அழுத்திப் பிடித்தால், சில குண்டுகள் வானத்தை நோக்கி எழும்புகின்றன. சில 15 மீட்டரிலேயே விழுந்துவிடுகின்றன. பக்கிங்கை மாற்றினேன், 6.01 மி.மீ. உள்விட்டமுள்ள உள்குழல் (குண்டு செல்லும் குழல்) வாங்கிப் போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. அடுத்து எதை மாற்றுவது? (ஓசூர் வாசகர்)

பதில்: அடுத்து எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடைக்கான துப்பு இருக்கிறது. ரப்பர் தேய்ந்திருந்தால் எல்லாக் குண்டுகளும் ஒரே மாதிரி சீக்கிரம் விழும். ரப்பர் மேடு அளவுக்கு மீறி இறக்கப்பட்டிருந்தால் எல்லாமே ஒரே மாதிரி எழும்பும். ஒரே சுடுதலில் ஒன்று எழும்புவதும் அடுத்தது விழுவதும், ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் வரும் காற்றின் அளவு மாறுகிறது என்பதையோ, பக்கிங்கும் நப்பும் அமர்ந்திருக்கும் ஹாப்-அப் அறையே தன் இடத்தில் நிலையாக இல்லை என்பதையோதான் காட்டுகின்றன. இயந்திரத் துப்பாக்கி வகைகளில் பெரும்பாலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்.

காரணம், இந்த மாதிரிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. உண்மையான எம்249-இல் வெளிக்குழலைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால், அதன் ஏர்சாஃப்ட் மாதிரிகளிலும் குழல் தனியாகக் கழன்று வருமாறு அமைத்திருப்பார்கள். இதனால் ஹாப்-அப் அறை, பற்சக்கரங்களும் பிஸ்டனும் உள்ள கியர்பாக்ஸுடன் திருகி இறுக்கப்படுவதில்லை. ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை நம்பியே பின்பக்கம் ஒட்டி நிற்கிறது. அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ, குழலின் பூட்டு சற்று ஆடினாலோ, விநாடிக்கு 15, 20 குண்டுகள் செல்லும் அதிர்வில் அறை முன்னும் பின்னும் நகரும். அறைக்கும் கியர்பாக்ஸின் நாசிலுக்கும் (குண்டை அறைக்குள் தள்ளி, பின்னாலிருந்து காற்றைச் செலுத்தும் சிறு குழாய்க்கும்) நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும், பிஸ்டன் தள்ளும் காற்றில் ஒரு பகுதி அந்த வழியே வெளியேறிவிடும். அந்தக் குண்டு மெதுவாகச் சென்று முன்கூட்டியே விழும். இடைவெளி மூடிக்கொண்ட நொடியில் வரும் அடுத்த குண்டு முழு வேகத்துடன் எழும்பும்.

இதைச் சோதிக்க ஓசூர் ஃபிட்டர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு முறையே போதும். இரண்டு பரப்புகள் சரியாக ஒட்டுகின்றனவா என்று பார்க்க, அவர்கள் ஒன்றின் மீது மார்க்கிங் புளூ என்னும் நீலச் சாயத்தைத் தடவி மற்றொன்றில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள கண் மை போதும். முதலில் மேகசினை (குண்டுகள் நிரப்பிய பெட்டியை) கழற்றி, பாதுகாப்பான திசையில் இரண்டொரு முறை சுட்டு அறை காலியாக இருப்பதை உறுதிசெய்து, பிறகு பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. குழலைக் கழற்றி, நாசிலின் முனை விளிம்பில் மையை மெல்லிய படலமாகத் தடவி, குழலை மீண்டும் பூட்டி, மறுபடி கழற்றிப் பாருங்கள். பக்கிங்கின் பின்புற உதட்டில் முழு வட்டமாகக் கறுப்பு வளையம் பதிந்திருந்தால் நாசில் நேராகவும் முழுதாகவும் அமர்கிறது. பிறை வடிவில் ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் அறை சாய்ந்திருக்கிறது. எதுவுமே பதியவில்லை என்றால் நாசில் ரப்பரைத் தொடவே இல்லை. பார்த்து முடித்ததும் மையைச் சோப்பு நீரால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை ரப்பரில் தங்கக் கூடாது.

வளையம் பதியவில்லை என்றால், அறையைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கிற்கு முன்னால் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். 0.5 மி.மீ. வாஷரில் தொடங்கி, ஒவ்வொன்றாகவே கூட்ட வேண்டும். அளவுக்கு மீறினால் வேறு சிக்கல் வரும்: நாசில் முழுவதும் பின்வாங்கிய நிலையிலும், குண்டு ஏறி வரும் துளையை ஓரளவு மறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே வாஷர் போட்ட பிறகு நாசிலைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, குண்டு வரும் துளை முழுதாகத் திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறை மட்டும் பதிந்திருந்தால், உள்குழல் வெளிக்குழலுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்குழலின் முன்முனையிலும் நடுவிலும் குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பைச் சில சுற்றுகள் சுற்றி, ஆட்டமில்லாமல், ஆனால் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்கு நிரப்புங்கள். இந்த ஆட்டத்தை நீக்கினாலே பல துப்பாக்கிகள் பாதி குணமாகிவிடுகின்றன.

அடுத்தது, ஹாப்-அப்பைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அல்லது திருகு. நீண்ட சுடுதலின் அதிர்வில் இது தானாகவே நகரும். சரியாக அமைத்த நிலையில் சக்கரத்துக்கும் அறைக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு பெட்டி மேகசின் முழுவதும் சுட்டபின் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால், சக்கர வகைக்கு அடியில் ஒரு சிறு ஓ-ரிங் வைத்து உராய்வைக் கூட்டலாம். திருகு வகைக்கு மரையில் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றலாம். திருகுப் பசையை நான் பரிந்துரைப்பதில்லை; அது வழிந்து ரப்பரில் பட்டால் பக்கிங் வீணாகிவிடும்.

புதிய பக்கிங் போட்டும் பயனில்லை என்கிறீர்கள். அதைப் பொருத்திய விதத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். உள்குழலின் மேற்புறத்தில் ஒரு சன்னல் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு நேர்கோட்டில் ஒரு பள்ளமும் இருக்கும். பக்கிங்கின் உட்புற வரம்பு அந்தப் பள்ளத்தில் அமர வேண்டும். சற்றுத் திரும்பி அமர்ந்தால், மேடு நடுவில் இறங்காமல் ஓரமாக இறங்கி, குண்டு வலமாகவோ இடமாகவோ வளைந்து ஓடும். துப்பாக்கியிலிருந்து முற்றிலும் கழற்றி எடுத்த உள்குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து முன்முனை வழியாகப் பார்த்தால், மேலே நடுவில் மேடு சமமாக இறங்குவது தெரிய வேண்டும். எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. பக்கிங்கை நுழைக்க வெளிப்புறத்தில் ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் போதும். உட்புற மேட்டில் எண்ணெய் பட்டால் குண்டு வழுக்கிச் சென்று சுழற்சியே பெறாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். பக்கிங் சிலிக்கான் ரப்பரால் ஆனதென்றால் சிலிக்கான் எண்ணெயும் கூடாது. அந்த ரப்பர் அதை உறிஞ்சி உப்பும்.

இனி அந்த 6.01 குழல். குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.95 மி.மீ.; மிச்சமிருக்கும் இடம் மொத்தம் 0.06 மி.மீ. மட்டுமே. சுற்றிலும் கருங்கல் குவாரிகளும் செம்மண் சாலைகளும் உள்ள பகுதியில், காற்றில் வரும் தூசியே குழலைக் கீற அது போதும். உள்விட்டம் குறுகிய குழல் வேகத்தைச் சிறிது கூட்டுமே தவிர, குறியைத் திருத்துவதில்லை. பல ஆயிரம் குண்டுகளை ஒரே நாளில் விழுங்கும் இயந்திரத் துப்பாக்கிக்கு 6.03 முதல் 6.05 வரையிலான குழலே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பழைய குழல் நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது: 7.4 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக 11.1 வோல்ட் பேட்டரி போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் சுடும் வேகம் ஏறி, நாசில் பின்வாங்கி நிற்கும் நேரம் குறைந்து, குண்டு அறைக்குள் முழுதாக ஏறும் முன்பே நாசில் முன்னேறிவிடும். குண்டு இல்லாத வெற்றுச் சுடுதல்களும் அரைகுறையாக அமர்ந்த குண்டுகளும் இதனால் வரும். 7.4-க்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றைக் குறை சொல்லலாம். மின்மோட்டார் வைத்த பெட்டி மேகசின்கள் சில, சுடும் ஓசையைக் கேட்டே இயங்குபவை. அவற்றின் மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் இதே குறை தோன்றும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாமல், ஒன்றைச் செய்து, சுட்டுப் பார்த்து, குறித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த முறை குறை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: குண்டு பின்னோக்கிச் சுழன்றால் அது ஏன் மேலே எழும்ப வேண்டும்? எங்கள் கல்லூரியில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. (தருமபுரி, பொறியியல் மாணவர்)

பதில்: ரப்பர் மேடு குண்டின் உச்சியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. ஆகவே குண்டின் அடிப்பகுதி முன்னேற, உச்சி பின்தங்கி, சுழற்சி தொடங்குகிறது. பறக்கும்போது குண்டின் மேற்பரப்பு எதிர்க்காற்று ஓடும் திசையிலேயே நகர்கிறது. கீழ்ப்பரப்பு அதற்கு எதிராக நகர்கிறது. இதனால் மேலே காற்று குண்டை ஒட்டியே நெடுநேரம் சென்று பிறகு பிரிகிறது. கீழே சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. விளைவாக, குண்டுக்குப் பின்னால் விடப்படும் காற்று சற்றுக் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு மேலே தள்ளப்பட வேண்டும். 1742-இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ், மஸ்கட் குண்டுகள் சுழற்சியால் விலகுவதை விளக்கினார். 1852-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் குஸ்டாஃப் மேக்னஸ் இதைச் சோதனைகளால் ஆராய்ந்தார். அதனால் மேக்னஸ் விளைவு என்ற பெயர் நிலைத்தது. கிரிக்கெட்டில் டாப்-ஸ்பின் போட்ட பந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கீழிறங்குவதும் இதே விளைவுதான். சுழற்சியின் திசை மட்டும் நேர்மாறு.

எவ்வளவு உதவுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில், தோள் உயரத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் 0.20 கிராம் குண்டு, சுழற்சியே இல்லாவிட்டால், காற்றின் தடையையும் சேர்த்துத் தோராயமாக 30 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். சுழற்சி தரும் தூக்குவிசை குண்டின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகும்படி அமைத்தால், அதே குண்டு அந்தத் தொலைவிலும் தோள் உயரத்திலேயே செல்லும். தூக்குவிசை எடையைவிட மிகுந்துவிட்டால் குண்டு வளைந்து எழும்பி, வேகம் இழந்து, செங்குத்தாக விழும்.

இதில் நம் பகுதிக்கு உரிய ஒரு நுட்பமும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கடலோர ஊர்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. தூக்குவிசையும் தடையும் அந்த அளவில் குறைகின்றன. ஆகவே ஓசூரில் சரிசெய்த துப்பாக்கியைச் சென்னைக்குக் கொண்டுபோனால் குண்டு சற்று எழும்புவது போலத் தோன்றும். அது துப்பாக்கியின் குறையன்று. ஹாப்-அப்பைச் சிறிது தளர்த்தினால் சரியாகிவிடும்.

கேள்வி: 0.20 கிராம் குண்டா, 0.28 கிராம் குண்டா? இயந்திரத் துப்பாக்கிக்குச் செலவு அதிகமாகிறது. சுட்ட குண்டுகளைப் பொறுக்கிக் கழுவிப் பயன்படுத்தலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: பொறுக்கிய குண்டு கூடவே கூடாது. நம் மண்ணில் உள்ள மணல் துகள் ஒன்று குண்டில் ஒட்டியிருந்தால், அது பக்கிங்கின் உதட்டைக் கிழித்து, குழலின் உட்பரப்பில் கோடு போட்டுவிடும். கழுவினாலும் மோதிய குண்டில் விழுந்த நெளிவும் கீறலும் போகாது. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாயிரம் ரூபாய் குழலை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது.

எடையைப் பொறுத்தவரை, ஒரே ஆற்றலில் கனமான குண்டு மெதுவாகப் புறப்பட்டாலும் வேகத்தை நன்கு காப்பாற்றிக்கொள்கிறது. 1 ஜூல் ஆற்றலில் 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீட்டரிலும், 0.28 கிராம் குண்டு 84.5 மீட்டரிலும் புறப்படுகின்றன. ஆனால் 30 மீட்டரைக் கடக்கும்போது, தோராயக் கணக்கில், முதலாவதன் வேகம் விநாடிக்கு 32 மீட்டராக இறங்கிவிடுகிறது. இரண்டாவது விநாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பக்கக் காற்றையும் இரண்டாவதே நன்றாகத் தாங்கும். செலவையும் கருதி, இயந்திரத் துப்பாக்கிக்கு 0.25 கிராம் குண்டைத் தேர்ந்துகொண்டு, ஹாப்-அப்பை அதற்கென்றே அமைத்து, பிறகு எடையை மாற்றாமல் இருப்பது நல்லது. எடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹாப்-அப்பை மறுபடி அமைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஓசூர் சிப்காட் பகுதியில் லேத் வேலை செய்கிறேன். ஹாப்-அப் அறையையே அலுமினியத்தில் கடைந்து தரும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: உங்களால் முடியும், ஆனால் அவர்களுக்குத் தேவை அதுவன்று. அறையின் சிரமமான பகுதி, குண்டு ஏறி வரும் துளையும் உள்குழல் அமரும் துளையும் சந்திக்கும் வளைவு. அதில் ஒரு பிசிர் இருந்தாலும் குண்டு சிக்கும். இருக்கும் அறையிலேயே அந்த வளைவை விரலால் தடவி, பிசிர் தட்டுப்பட்டால் நுண்ணிய எமரித்தாளால் நீக்கிக் கொடுங்கள். மேலே எழுதிய வாஷர்களை அவரவர் துப்பாக்கியை வெர்னியரால் அளந்து, 0.3, 0.5 மி.மீ. தடிமனில் கடைந்து கொடுங்கள். அதற்கும் மேலாக, நப்பைச் செய்து தரலாம். கடையில் வரும் நப் பெரும்பாலும் மென்மையான ரப்பர் உருளை. சக்கரம் அழுத்தும்போது அது நசுங்கி, மேட்டைச் சமமாகத் தள்ளாமல் விடுகிறது. நைலான் அல்லது டெல்ரின் தண்டிலிருந்து, குழலின் சன்னலுக்குள் உரசாமல் இறங்கும் அகலத்தில், தட்டையான அடிப்பரப்புடன் ஒரு துண்டு வெட்டி, அடிப்பரப்பில் மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டினால், அது பக்கிங்கைக் குழலுக்கு இணையாக அழுத்தும். இந்தச் சிறு துண்டின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதை மைக்ரோமீட்டரில் பார்த்துக் கொடுக்கும் கைத்திறன், விலைக்கு வாங்கும் பல மேம்பாடுகளைவிட மதிப்புள்ளது.

கேள்வி: ஆர்-ஹாப் செய்வது பற்றி விளக்கவும். இயந்திரத் துப்பாக்கிக்கு அது ஏற்றதா? (பர்கூர் மாணவர்)

பதில்: சாதாரண பக்கிங்கில் மேடு குண்டை ஒரு புள்ளியில் தொடுகிறது. ஆர்-ஹாப்பில், குழலின் சன்னலை முழுதாக நிரப்பும் ரப்பர் துண்டை அமர்த்தி, அதன் உட்பரப்பைக் குழலின் வளைவுக்கே தேய்த்துச் சமமாக்குகிறார்கள். குண்டு அந்தச் சன்னலின் நீளம் முழுவதும் ரப்பரில் உருண்டு செல்வதால், குறைந்த அழுத்தத்திலேயே மிகுந்த சுழற்சி கிடைக்கும். கனமான குண்டுகளையும் தூக்க முடியும். ஆனால் துண்டு இம்மியளவு தாழ்ந்தாலும் குண்டு தட்டுப்படும், உயர்ந்தாலும் பயனில்லை. தேய்ப்பதற்குப் பொறுமையும் நல்ல கண்ணும் வேண்டும். ஒவ்வொரு குண்டையும் குறிவைத்துச் சுடும் துப்பாக்கிக்கு இந்த உழைப்பு தகும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குண்டுகளைச் செலுத்தும் இயந்திரத் துப்பாக்கிக்கு அந்தத் துண்டு சீக்கிரம் தேய்ந்து, மறுபடி முதலிலிருந்து செய்ய வைக்கும்.

அதனால் உங்களுக்கு ஃப்ளாட்-ஹாப் போதும் என்று சொல்வேன். பக்கிங்கின் உட்புற மேட்டைக் கூர்மையான பிளேடால் கவனமாகச் செதுக்கி நீக்கிவிட்டு, முந்தைய பதிலில் சொன்ன தட்டையான நப்பைப் பயன்படுத்தினால், தொடும் நீளம் கணிசமாகக் கூடும். தேய்ந்தால் ஒரு பக்கிங்கை மாற்றினால் முடிந்தது. ரப்பரின் கடினத்தன்மையைப் பொறுத்தவரை, 1 ஜூலை ஒட்டிய துப்பாக்கிக்கு 50 அல்லது 60 டிகிரி ரப்பர் போதுமானது. 70 டிகிரி, வலுவான ஸ்பிரிங் கொண்ட துப்பாக்கிகளுக்கு உரியது. புதிய ரப்பர் சில நூறு குண்டுகள் சென்றபின்தான் தன் நிலைக்கு வரும் என்பதால், முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: என் மகன் இந்த விளையாட்டுக்குப் போக ஆசைப்படுகிறான். கண்ணுக்கு ஆபத்து என்கிறார்களே? வெளிநாட்டிலிருந்து என் மைத்துனர் துப்பாக்கி வாங்கி வருவதாகவும் சொல்கிறார். (பாலக்கோடு, ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. தோலில் பட்டால் சிவந்து வலிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே கண்ணாடி விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. ஐரோப்பியத் தரமாக இருந்த ஈ.என். 166-இல், 6 மி.மீ. விட்டமும் 0.86 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டை மோதவிட்டுச் சோதித்தார்கள். எஃப் (F) என்ற எழுத்து பொறித்த கண்ணாடி விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கியது; அதன் ஆற்றல் 0.87 ஜூல்தான், அதாவது பல ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளைவிடக் குறைவு. பி (B) என்ற எழுத்து பொறித்தது 120 மீட்டர் வேகத்தை, அதாவது ஏறத்தாழ 6.2 ஜூலைத் தாங்கியது. கண்ணாடியின் சட்டத்திலும் (ஃபிரேம்) வில்லையிலும் பி என்று இருப்பதைப் பார்த்து, முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டும் காகிள்ஸாக வாங்குங்கள். வெயிலுக்குப் போடும் கண்ணாடியோ, பக்கங்கள் திறந்த லேத் கண்ணாடியோ உதவாது. பல்லைக் காக்க முகமூடியின் கீழ்ப்பகுதியும் வேண்டும்.

உங்கள் மைத்துனரிடம் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் காற்றுத் துப்பாக்கிகளையும், உண்மைத் துப்பாக்கி போன்ற மாதிரிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் எல்லை. ஏர்சாஃப்ட் குழலோ 6 மி.மீ. ஆகவே, அந்த விலக்கு இதற்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னாலும், அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். மகன் விளையாடப் போகும் திடலில் இருப்பவர்களிடமும் அவர்களுடைய அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சாலையில், வயலில், வீட்டு மாடியில் இத்தகைய துப்பாக்கியை எடுத்துத் திரிவது, பார்ப்பவர்களுக்கும் காவல்துறைக்கும் உண்மைத் துப்பாக்கியாகவே தோன்றும் என்பதை மகனுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் மார்கழிக் காலையில் சரியாகச் சுடும் துப்பாக்கி, தருமபுரியில் சித்திரை மதியத்தில் குண்டை எழுப்புகிறது. ஏன்? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: குளிரில் ரப்பர் இறுகி, குண்டைக் குறைவாகப் பற்றுகிறது, வெயிலில் இளகி, கூடுதலாகப் பற்றுகிறது. பூட்டிய காருக்குள் வைத்து எடுத்த துப்பாக்கியில் இது இன்னும் மிகும். சிலிக்கான் பக்கிங்கில் இந்த வேறுபாடு குறைவு. எந்த ரப்பராக இருந்தாலும், களத்துக்குப் போனதும் துப்பாக்கியை நிழலில் சிறிது நேரம் வைத்துவிட்டு, ஹாப்-அப்பை முழுதாகத் தளர்த்தி, காற்றில்லாத நேரத்தில் 30 மீட்டரில் தொங்கவிட்ட பழைய போர்வையை நோக்கிச் சிறு சிறு சுடுதல்களாகச் சுட்டபடி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குண்டு நேராகச் சென்று, கடைசிச் சில மீட்டரில் மட்டும் இலேசாக எழுந்து பிறகு இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். விளையாட்டு முடிந்து துப்பாக்கியை எடுத்து வைக்கும்போது ஹாப்-அப்பை மறுபடி முழுதாகத் தளர்த்துங்கள்; வாரக்கணக்கில் அழுத்தத்தில் நின்ற ரப்பரில் பள்ளம் விழுந்துவிடும்.